ஈஸ்டா, தவளையா, மனித செல்லா, டிரிபனோசோமாவா? உட்கருத் துளையை ஆராய எந்த உயிரியைத் தேர்ந்தெடுப்பது

“உட்கருத் துளையில்தான் ஆய்வு செய்யப் போகிறேன். எந்த உயிரியை எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.” முதுகலை முடித்துவிட்டு ஆய்வுத் திட்டம் எழுத உட்காருகிறவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். கேள்வியின் வாலில் இன்னொன்றும் தொங்கும்: “அமைப்பையும் பார்க்க வேண்டும், பரிணாமத்தையும் பேச வேண்டும்.” சிக்கல் அந்த வாலில்தான் இருக்கிறது. துளையின் அமைப்பை நன்றாகக் காட்டும் உயிரி பெரும்பாலும் பரிணாமத்தைப் பற்றி அதிகம் பேசாது.

துளை என்றால் என்ன என்பதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டு. அவை வளைந்து ஒன்றோடொன்று இணையும் இடங்களில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையில் பொருந்தி உட்கார்ந்திருக்கும் புரதக் கட்டடம்தான் துளைத் தொகுதி. மேலிருந்து பார்த்தால் எட்டு இதழ்ப் பூ மாதிரி இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மூன்று வளையங்கள்: சைட்டோபிளாசப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, உட்கருப் பக்கம் ஒன்று. வெளியே இழைகள், உள்ளே ஒரு கூடை. இதைக் கட்டும் புரதங்கள் சுமார் 30 வகை. நியூக்ளியோபோரின் என்று பெயர், ஆய்வகப் பேச்சில் ‘நூப்’. எட்டின் மடங்குகளில் அடுக்கப்படுவதால் மொத்த எண்ணிக்கை ஈஸ்டில் சுமார் 550, மனித செல்லில் சுமார் 1000. நடுத் துவாரத்தில் ஃபினைல்அலனின்-கிளைசின் இணைகள் திரும்பத் திரும்ப வரும் தளர்வான புரத நூல்கள் நிரம்பியிருக்கும். சிறிய மூலக்கூறுகள் தாமாகவே நுழைந்துவிடும். 40 கிலோடால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு) அளவைத் தாண்டினால், கூட்டிச்செல்ல ஒரு போக்குவரத்துப் புரதம் வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, துளையை அது இருக்கிற செல்லுக்குள்ளேயே பார்க்க முடியுமா, அல்லது பிய்த்து வெளியே எடுத்தால்தான் தெரியுமா? இரண்டாவது, மரபணுவை மாற்றுவது எவ்வளவு எளிது? மூன்றாவது, கையில் எத்தனை துளைகள் கிடைக்கும்? நான்காவது, அந்த உயிரி உயிர்மரத்தின் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது? கடைசியாக, திட்ட அறிக்கையில் யாரும் எழுதாத செலவுகள்: அனுமதி, நேரம், கருவிக்குக் காத்திருப்பு, பெயர்க் குழப்பம்.

இவற்றில் நான்காவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈஸ்டும் மனிதனும் ஒன்றுக்கொன்று வெகு தூரம் என்று நினைக்கிறோம். ஆனால் உட்கருவுள்ள உயிரிகளின் மரத்தில் பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே கிளைக்காரர்கள்; தாவரங்களும், ஒட்டுண்ணி ஒருசெல் உயிரிகளான டிரிபனோசோமாக்களும் வேறு கிளைகள். ஈஸ்டையும் மனிதனையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து “ஆதி உட்கரு இப்படித்தான் இருந்தது” என்று எழுதுவது, சித்தப்பா மகனைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க இதே முகம்தான் என்று சொல்வது போன்றது.

ஓர் உதாரணம். அலாடின் என்ற துளைப் புரதம் மனிதனில் உண்டு. அதன் மரபணு பழுதானால் டிரிபிள் ஏ என்ற நோய் வருகிறது. ஈஸ்டில் அது இல்லை. இந்த இரண்டு தகவலை மட்டும் வைத்துக்கொண்டால் “விலங்குகள் பின்னால் சேர்த்துக்கொண்டது” என்று தோன்றும். தாவரமான அராபிடாப்சிஸைத் திறந்து பாருங்கள், அங்கே அலாடின் இருக்கிறது. ஆக, அது பழைய சொத்து, தொலைத்தது ஈஸ்ட்தான். மூன்றாவது உயிரி ஒன்று வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது.

## ஈஸ்ட் (சாக்கரோமைசிஸ் செரிவிசியே)

மலிவு, வேகம், மரபணு வசதி இந்த மூன்றிலும் ஈஸ்டை அடிக்க ஆளில்லை. நல்ல ஊடகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மரபணுத்தொகுதி முழுதும் 1996-லேயே கையில் வந்துவிட்டது. எந்த நூப்பின் வாலிலும் ஓர் அடையாளத் துண்டைச் சேர்க்கலாம், வேண்டாததை நீக்கிப் பார்க்கலாம். நீக்கினால் செல் சாகுமா என்றால், பல நூப்களுக்குச் சாகாது. நூப்133-ஐ நீக்கினால் துளைகளெல்லாம் உறையின் ஒரு பக்கத்தில் குவிந்துவிடும். ஒளிநுண்ணோக்கியிலேயே தெரியும், சீரான வளையமாக ஒளிர வேண்டிய உறை ஒரு ஓரத்தில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

துளையைப் பிரித்தெடுக்கும் கலையும் இங்கேதான் முதிர்ந்தது. செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ஆலையில் அரைத்து, மாவு போலான அந்தத் தூளிலிருந்து காந்த மணிகளைக் கொண்டு வேண்டிய தொகுதியை இழுப்பார்கள். மைக்கேல் ரௌட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2018-இல் வெளியிட்ட முழு வரைபடம் இப்படி வந்ததுதான்: 552 புரதங்கள், மொத்த எடை சுமார் 52 மெகாடால்டன்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். ஈஸ்ட் பிரியும்போது உட்கரு உறை உடைவதில்லை. ஆகவே துளை கலைந்து மறுபடி கூடும் கதையை இங்கே பார்க்க முடியாது. உட்கரு உறையை உள்ளிருந்து தாங்கும் லேமின் என்ற புரத வலையும் கிடையாது. மனிதத் துளையில் இருக்கும் நூப்358, பாம்121 போன்றவை இல்லை. அப்புறம், ஈஸ்டின் முன்னோரில் மரபணுத்தொகுதி முழுதும் ஒருமுறை இரட்டித்தது. அதன் மிச்சமாக நூப்157, நூப்170 என்று சில நூப்கள் ஜோடியாக நிற்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றது அதன் வேலையை இழுத்துப்போட்டுச் செய்யும். “விளைவு எதுவும் இல்லை” என்று எழுதுவதற்குமுன் ஜோடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

“எளிமையான துளை” என்ற பேரும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதுதான். சில ஈஸ்ட் துளைகளில் உட்கருப் பக்கம் இரட்டை வளையம் இருப்பதை 2022-இல் காட்டினார்கள். ஒரே செல்லின் துளைகள்கூட ஒரே அச்சில் வார்த்தவை இல்லை.

ஒரு நூப் என்ன செய்கிறது, எதோடு ஒட்டுகிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் கேள்வியானால் வேறெங்கும் போக வேண்டாம். ஈஸ்டே போதும்.

## தவளை (ஜீனோபஸ் லேவிஸ்)

துளை முதன்முதலில் கண்ணில் பட்டதே நீர்நில உயிரிகளின் முட்டைச் செல்லில்தான். 1950-இல் கேலனும் டாம்லினும் அவற்றின் உட்கரு உறையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு மடங்குச் சமச்சீரை ஜோசப் கால் 1967-இல் உறுதிப்படுத்தினார்.

ஏன் தவளை? அளவுதான் காரணம். முதிர்ந்த முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அதன் உட்கரு சுமார் 0.4 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கே தெரியும். செல்லின் ஒரு பாதி கருத்தும் மறுபாதி வெளுத்தும் இருக்கும். கருத்த பக்கத்தை ஊசியால் குத்தி, சாமணத்தால் மெல்ல அழுத்தினால், மஞ்சள்கருத் துகள்கள் ஒட்டிய ஒரு கண்ணாடி மணி நழுவி வெளியே வரும். பிப்பெட்டில் இழுத்து விட்டுக் கழுவினால் தெளிந்துவிடும். அந்த ஒரு மணியின் தோலில் கோடிக்கணக்கான துளைகள் நெருக்கியடித்து இருக்கின்றன. ஈஸ்ட் உட்கருவில் சுமார் 200, மனித செல்லில் சில ஆயிரம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறையவைத்த துகள்களைப் படமெடுத்துச் சராசரி காணும், துகள் எண்ணிக்கையே தெளிவைத் தீர்மானிக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியியலுக்கு இது பெரிய வரம். 2022-இல் வெளிவந்த நுணுக்கமான வளைய அமைப்புகள் பல தவளையிலிருந்து வந்தவை.

முட்டைச் சாறு இன்னொரு வரம். உடைத்த முட்டையின் சாற்றில் விந்தின் டிஎன்ஏ-புரதக் கலவையான குரோமாட்டினைப் போட்டால் சோதனைக் குழாயிலேயே உட்கரு உருவாகும், துளைகளோடு. சாற்றிலிருந்து ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் உறிஞ்சி எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நூப்107-160 தொகுதியை எடுத்துவிட்டால் உறை மூடிக்கொள்ளும், துளை மட்டும் இருக்காது. துளையே இல்லாத உட்கரு! உயிருள்ள செல்லில் இப்படி ஒன்றைச் செய்து காட்ட முடியுமா? செல் செத்துவிடும்.

இனி கசப்பான பக்கம். உறையைப் பிய்த்து எடுத்ததும் அதன் இழுவிசை போய்விடுகிறது, துளை சுருங்குகிறது. செல்லுக்குள் இருப்பதைவிடப் பத்து நானோமீட்டருக்கும் மேல் விட்டம் குறைந்துவிடலாம். இது வெறும் அளவுப் பிசகு என்று விட்டுவிட முடியாது. எச்ஐவி வைரஸின் மரபணுவைப் பொதிந்திருக்கும் உள்ளோடு சுமார் 60 நானோமீட்டர் அகலம். பிரித்தெடுத்த துளைகளின் நடு விட்டமோ 40 நானோமீட்டரை ஒட்டி. “நுழையவே முடியாது, வெளியிலேயே உடைந்துதான் ஆக வேண்டும்” என்று பல ஆண்டுகள் எண்ணினார்கள். 2021-இல் தொற்றிய செல்களுக்குள்ளேயே படமெடுத்தபோது துளை அகலமாக இருந்தது. உள்ளோடு முழுசாக நுழைந்துகொண்டிருந்தது. விடையைக் கெடுத்தது தயாரிப்பு முறை.

மரபணு வேலைக்கும் இந்தத் தவளை ஒத்துவராது. இரண்டு இனங்களின் மரபணுத்தொகுதிகள் கலந்து உண்டானது என்பதால் பல மரபணுக்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒரு தலைமுறை முதிரவும் மாதக் கணக்காகும். விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியும் வேண்டும், அதற்கான மாதங்களைத் திட்டத்தில் சேர்த்தவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

## மனித செல்

மருத்துவத் தொடர்பு வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். நூப்98 மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு சில வகை ரத்தப் புற்றுநோய்களை உண்டாக்குகிறது. அதை ஈஸ்டில் வைத்து எவ்வளவு தூரம் பேச முடியும்?

மனிதத் துளை ஈஸ்டுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது, சுமார் 120 மெகாடால்டன். வெளி வளையங்களின் அடிப்படைச் செங்கல்லான ஒய் வடிவத் தொகுதி (தவளைச் சாற்றில் பார்த்த நூப்107-160 தொகுதிதான்) ஈஸ்டில் பொதுவாக 16, மனிதனில் 32. செல் பிரியும்போது துளைகள் கலைந்து, பிறகு சில நிமிடங்களில் மறுபடி கூடுகின்றன. பிரிவு இல்லாத காலத்திலும் மூடிய உறையைத் துளைத்துக்கொண்டு புதிய துளைகள் மெதுவாக முளைக்கின்றன. இந்த இரண்டு வழிகளையும் ஒரே செல்லில் ஒப்பிடலாம் என்பது மனித செல்லின் தனிச் சிறப்பு.

மார்ட்டின் பெக் குழுவினர் 2022-இல் செயற்கை நுண்ணறிவின் அமைப்புக் கணிப்புகளையும் பல கோணங்களில் எடுத்து முப்பரிமாணமாக்கிய டோமோகிராபி படங்களையும் சேர்த்து, மனிதத் துளைச் சட்டகத்தின் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை மாதிரியாக்கினார்கள். அதாவது ‘மனிதத் துளையின் அமைப்பைக் கண்டுபிடிப்பது’ என்று இனிமேல் திட்டத் தலைப்பு எழுத முடியாது. மிச்சமிருப்பது அசைவு: எப்போது விரிகிறது, எதனால் சுருங்குகிறது, நடுவில் இருக்கும் தளர்ந்த நூல்கள் என்ன செய்கின்றன. அந்த நூல்களை எந்தக் கணிப்பு மென்பொருளும் பிடித்துக் காட்டாது. அவற்றுக்கு நிலையான வடிவமே இல்லை.

ஒளிநுண்ணோக்கி ஆள் என்றால் ஒரு வசதி உண்டு. நூப்96-இல் ஒளிரும் அடையாளம் சேர்த்த யு2ஓஎஸ் என்ற மனித செல் வரிசைகள் 2019-இலிருந்து அளவுகோலாகவே பயன்படுகின்றன. ஒரு துளைக்கு 32 நகல்கள் என்று தெரிந்திருப்பதால் உங்கள் கருவி எத்தனையைத் தவறவிடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

செலவு? செல்லுக்குள்ளேயே துளையைப் பார்க்க, உறையவைத்த செல்லை அயனிக் கற்றையால் சீவி 150–200 நானோமீட்டர் தகடாக்க வேண்டும். நாள் முழுக்கச் சீவினாலும் சில தகடுகள்தான் தேறும். ஒரு தகட்டில் மாட்டும் துளைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். நூற்றுக்கணக்கில் சேர்க்க மாதங்கள் ஓடும். உயர்நிலை நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்பது தனி. ஹீலா போன்ற புற்றுநோய்ச் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையே தாறுமாறு என்பதால், ஒரு நூப்பின் எல்லா நகல்களையும் நீக்கிவிட்டேன் என்று உறுதியாகச் சொல்வதும் எளிதில்லை.

## டிரிபனோசோமா புரூசி, கூடவே டெட்ராஹைமினா

பரிணாமம்தான் உங்கள் உண்மையான ஆர்வம் என்றால் நான் கைகாட்டுவது இங்கேதான். தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி இனம் இது. ஆய்வகங்களில் வளர்ப்பது பெரும்பாலும் மனிதரைத் தொற்றாத துணையினத்தை. நம்மிடமிருந்து மிகத் தொலைவான கிளை. ஒரு மரபணுவை அடக்கிப் பார்க்கும் ஆர்என்ஏ குறுக்கீடு இதில் 1998 முதலே வேலை செய்கிறது. மரபணுத்தொகுதி 2005-இல் வந்தது. ஈஸ்டுக்கு வளர்த்தெடுத்த உறை-அரைப்பு முறையும் அப்படியே பொருந்துகிறது.

அந்த முறையால் 2009-இலும் 2016-இலும் வந்த முடிவுகள் இரண்டு திசையில் பேசுகின்றன. ஒரு திசையில், பொதுமை: புரதங்களின் அமினோ அமில வரிசையைப் பார்த்தால் நம்முடையதோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தோன்றும், மடிப்பைப் பார்த்தால் அதே சட்டகம். நடு வளையமும் ஒய் தொகுதியும் அடையாளம் காணும்படி இருக்கின்றன. இவற்றில் காற்றாடி மாதிரியான பீட்டா மடிப்பும் சுருள்கம்பி மாதிரியான ஆல்ஃபா மடிப்பும் சேர்ந்து வரும். செல்லுக்குள் பைகளை வளைத்தெடுக்கும் பூச்சுப் புரதங்களிலும் இதே சேர்க்கைதான். செக்13 என்ற புரதம் இரண்டு இடத்திலும் ஆளாக நின்று வேலை செய்கிறது. சவ்வை வளைக்கத் தெரிந்த ஒரு பழைய கூட்டத்திலிருந்து பூச்சும் துளையும் பிரிந்து வந்தன என்ற கருதுகோள் 2004-இல் முன்வைக்கப்பட்டது. டிரிபனோசோமாவின் சான்று அதற்கு வலு சேர்க்கிறது.

மறு திசையில், வித்தியாசம். நம் துளையிலும் ஈஸ்ட் துளையிலும் சைட்டோபிளாசப் பக்கம் மட்டும் இருக்கும் இழைப் புரதங்கள், எம்ஆர்என்ஏவை வெளியே இழுக்கும் ஏற்பாடு உட்பட, டிரிபனோசோமாவில் இல்லை. அதன் துளை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. சட்டகம் பழசு, வாசலில் தொங்கவிட்ட சாமான்கள் புதுசு என்று படுகிறது. ஆனால் “இதுதான் ஆதி நிலை” என்று உடனே எழுதிவிடாதீர்கள். அலாடின் விஷயத்தில் ஈஸ்ட் தொலைத்ததுபோல இதுவும் தொலைத்திருக்கலாம்.

டெட்ராஹைமினா என்ற நீர்வாழ் ஒருசெல் உயிரி இன்னும் விசித்திரம். ஒரே செல்லில் பெரிய உட்கரு ஒன்று, சிறிய உட்கரு ஒன்று. இரண்டின் துளைகளிலும் நூப்98 வேறு வேறு வகை. நடு நூல்களில் திரும்ப வரும் அமினோ அமிலக் கோவையே வேறு. எந்தப் புரதம் எந்த உட்கருவுக்குள் போகும் என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பங்கு இருப்பதை 2009-இல் காட்டினார்கள். வாசல் மாறினால் சரக்கு மாறுகிறதா என்று ஒரே செல்லுக்குள் கேட்கலாம். இதில் வேலை செய்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இந்த உயிரிகளின் மறைமுகச் செலவு தனிமைதான். ஆயத்த ஆன்டிபாடி கிடைக்காது, நீங்களே செய்துகொள்ள வேண்டும். பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்க ஆள் இருக்காது. மதிப்பீட்டாளர்கள் “இதை மனித செல்லில் காட்ட முடியுமா?” என்று கேட்பார்கள், கேட்டே தீருவார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஈஸ்ட் | தவளை | மனித செல் | டிரிபனோசோமா |
|---|---|---|---|---|
| ஓர் உட்கருவில் துளைகள் | சுமார் 200 | கோடிக்கணக்கில் | சில ஆயிரம் | சில நூறு என்ற அளவு |
| மரபணு மாற்றம் | மிக எளிது | கடினம் | முடியும், மெதுவாக | முடியும் |
| செல்லுக்குள்ளேயே படம் | முடியும் | மிகக் கடினம் | முடியும், செலவு அதிகம் | முடியும், பழக வேண்டும் |
| துளை கலைந்து கூடுவது | இல்லை | முட்டைச் சாற்றில் | உண்டு | இல்லை |
| பரிணாமத்துக்கு | தனியாகப் போதாது | தனியாகப் போதாது | தனியாகப் போதாது | ஒப்பிடச் சிறந்தது |
| மறைந்த செலவு | ஜோடி மரபணுக்கள் | நெறிக்குழு அனுமதி, சுருங்கிய துளை | கருவி நேரம் | ஆயத்தப் பொருள்கள் இல்லாமை |

அட்டவணையில் இடமில்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கீட்டோமியம் தெர்மோபிலம் என்ற வெப்பம் விரும்பும் பூஞ்சையின் புரதங்கள் உறுதியானவை, படிகமாக்க நல்லவை. படிகவியல்காரர்களுக்கு மட்டும் சிபாரிசு. பச்சைப்பாசி கிளாமிடோமோனாஸில் ஒய் தொகுதிகள் உட்கருப் பக்கம் 16, மறுபக்கம் 8, ஆக 24. ஈஸ்ட் 16, மனிதன் 32 என்று பார்த்துவிட்டு ‘வளர்ச்சி வரிசை’ போட நினைத்தவர்களை இந்த 24 நடுவில் நின்று தடுக்கிறது.

## நான் என்ன செய்வேன்

மூன்று ஆண்டு, குறைந்த நிதி, தனி ஆள் என்றால் ஈஸ்ட். துளை உருவாகும் விதம்தான் கேள்வி என்றால் தவளைச் சாறும் மனித செல்லும். அனுமதி வாங்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில் சேர்ந்தால் மட்டும் தவளை. மருத்துவக் கேள்வி என்றால் மனித செல், யோசிக்கவே வேண்டாம். தலைப்பில் ‘பரிணாமம்’ என்ற சொல் வருகிறது என்றால், சோதனைக்கு ஓர் உயிரி, ஒப்பிட வேறு கிளையிலிருந்து இன்னொன்று என்று குறைந்தது இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ஆய்வகச் சோதனை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மடிப்புக் கணிப்பு இப்போது கணினியிலேயே ஓடுகிறது, சட்டகப் புரதங்களுக்கு நன்றாகவே வருகிறது.

இரண்டு உயிரி எடுத்தால் முதல் நாள் வேலை ஒரு பெயர்ப் பட்டியல். நூப்புக்குப் பின்னால் வரும் எண் அதன் எடையைக் குறிக்கிறது. உயிரி மாறினால் எடையும் மாறும், பெயரும் மாறும். ஈஸ்டின் நூப்84 மனிதனில் நூப்107. ஈஸ்டின் நூப்120 மனிதனில் நூப்160. நூப்133 மட்டும் இரண்டிலும் நூப்133, அதனாலேயே ஏமாற்றும். நான் ஒருமுறை மனித நூப்58-க்கு ஈஸ்டின் நூப்57-தான் இணை என்று எண்ணிக்கொண்டு இரண்டு வாரம் வரிசைகளை ஒப்பிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. நூப்57-இன் இணை மனித நூப்54. நூப்58-க்கு எதிரே எழுத வேண்டியது நூப்49.